அழுத்தம் போதுமா

வரவேற்பறைச் சுவரில் ஆல்ப்ஸ்.
பனிமலை, அதன் இடுப்பில் ஒரு சிவப்பு ரயில்,
கீழே ஏரி, யாரும் குளித்திராத நீலத்தில்.
தொட்டபள்ளாபுரம் தாண்டி
திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருக்கும் விடுதிக்கு
எதற்கு அந்த மலை என்று
ஜெசிந்தா கேட்டாள்.
"பாத்தாலே குளிரட்டும்னுதான் மேடம்"
என்றான் பையன்,
மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு.

ஒருவர் காசில் இருவர்,
சனி ஞாயிறு, எண்ணெயும் நீராவியும் சேர்த்து.
கூப்பன் இந்த மாதத்தோடு காலாவதி.
அதனால்தான் வந்தோம்,
ஓய்வு வேண்டும் என்பதற்காக அல்ல.
ஹெப்பாள் மேம்பாலத்தில் நின்ற ஒன்றரை மணி நேரமும்
இப்படியே சொல்லிக்கொண்டோம்.

பதினேழு வருடமாக ஜெயநகரில்
அடுத்தவர் முட்டிகளை மடக்கி நீட்டுகிறேன்.
உறைந்த தோள், நழுவிய தட்டு,
கணினியைக் கும்பிட்டு வளைந்த கழுத்துகள்.
வலிக்கிறதா, எங்கே, பத்துக்கு எத்தனை என்று
நாளுக்கு நாற்பது முறை கேட்கிற வாய் இது.
என்னை யாரும் கேட்டதில்லை என்று புலம்பவில்லை.
கேட்டிருந்தால் மூன்று என்றிருப்பேன்.
பொய் சொல்ல நினைப்பவர்கள்
எல்லோரும் சொல்லும் எண் அது.

அறையில் வெட்டிவேர் வாசம்.
முகம் புதைக்கும் துளை வழியே தெரிந்தது
ஒரு செம்புக் கிண்ணம், மிதக்கும் செவ்வந்தி,
அப்புறம் அவள் பாதங்கள்:
ரப்பர் செருப்பு, சுண்டுவிரலில் பிளாஸ்திரி.
பெயர் லால்ரின்புயி. ஊர் ஐஸ்வால்.
"அழுத்தம் போதுமா மேடம்?"
தமிழ் எங்கே படித்தாய் என்றேன்.
"மடிவாளாவில், வீட்டுக்கார அம்மாகிட்ட.
திட்டு எல்லாமும் தெரியும்."

தோள்பட்டைக்குக் கீழே ஓர் இடம்.
அதன் லத்தீன் பெயர் எனக்குத் தெரியும்,
தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
அவளுக்கு இடம் மட்டும் தெரிந்தது.
அங்கே போய் நின்றது அவள் கட்டைவிரல்,
பூட்டிய கதவின் முன் நிற்பவரைப் போல,
தட்டாமல்.
செம்புக் கிண்ணத்தில் ஒரு சொட்டு விழுந்தது.
எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு, கோபுரமாய்க் குவித்த தினைச்சோறு,
உச்சியில் ஓர் ஆரஞ்சுப் பூ.
"இதத் திங்கணுமா, தலையில வைக்கணுமா?"
ஜெசிந்தா சிரித்த சிரிப்பில்
பக்கத்து மேசைத் தேனிலவு
திரும்பிப் பார்த்தது.

ஞாயிறு, இருட்டோடு, மகாலிதுர்கா.
தண்டவாளத்தை ஒட்டி நடை, பிறகு ஏற்றம்.
பாதியில் ஜெசிந்தாவின் முட்டி முறைத்தது.
ஏறும்போது நல்ல கால் முதலில் என்று
நான் தொடங்கியதும் சொன்னாள்:
"இன்னைக்கு உன் கடைக்கு லீவு."
வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.
மலையைவிட அதுதான் செங்குத்து.

உச்சியில் இடிந்த கோட்டைச் சுவர், ஒரு கல் நந்தி.
வியர்வையைக் காற்று தொட்ட இடத்தில் மட்டும் குளிர்.
கீழே ஒரு சரக்கு ரயில்
சிமெண்டு நிறப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு
மலையின் இடுப்பைச் சுற்றி வந்தது.
ஐம்பத்திரண்டு பெட்டி என்றேன்.
ஐம்பத்தொன்று என்றாள்.
இறங்கும்வரை அதே சண்டை.

அடிவாரத்துக் கடையில் தட்டு இட்லி.
வெண்ணெய் உருகி ஓரம் தேடி ஓட,
சட்னி காரத்தில் மூக்கு ஒழுக,
ஆளுக்கு மூன்று.
பேச்சே இல்லை.

புறப்படும்போது கொல்லையில் லால்ரின்புயி,
துண்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்,
இடது கையால் மட்டும்.
வலது கட்டைவிரலின் அடியில் வீக்கம்.
அந்த வீக்கத்தோடு எனக்கு நெடுநாள் பழக்கம்.
லீவு என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள்தான்.
"கையக் கொடு" என்றேன்.
துவைக்கிற கல்லில் உட்கார்ந்து
மணிக்கட்டைத் தாங்கி, மெல்ல,
விரலை உள்ளங்கைக்குள் மடக்கினேன்.
வாசலில் டாக்சி இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"பத்துக்கு எத்தனை?"

"மூணு" என்றாள்.

அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.